அக்னர் ஏர்லாங் சரிதம்

அறிஞர் ஒருவர் பெயர் அளவையொன்றின் பெயராய் நிலைபெறுதல் எளிதில் வாய்க்கும் பேறன்று. வோல்ட்டா, ஆம்பியர், வாட் என்பார் பெயர்களைப் பௌதிகசாலையில் நாடோறும் வழங்குகின்றோம். வழங்குங்கால் அவை மனிதர் பெயர்கள் என்பதையே மறந்துவிடுகின்றோம். அவ்வரிசையில் வைத்தெண்ணத்தக்க டென்மார்க்கு நாட்டுக் கணிதர் ஒருவர் உளர். அக்னர் கிராருப் ஏர்லாங் என்பது அவர் பெயர். தொலைபேசித் துறையினர்க்கு அவர் பெயரால் அமைந்த அளவையின்றிக் கணக்கில்லை. இற்றை நாளில் தரவுத்தளங்களைப் பல பொறிகளிற் பரப்பிவைத்து, அவற்றுக்கு வாயில் அமைக்கும் தொழிலில் நம் இளைஞர் பலர் அமர்ந்துள்ளனர். அவர்கள் நாடோறும் எதிர்கொள்ளும் வினா, நூறாண்டுகட்கு முன்னர் இப்பெரியார் எதிர்கொண்ட வினாவே. வருவோர் எந்நேரம் வருவர் என்பது தெரியாது. வாயிலும் வழிகளும் அளவுடையன. எவரையும் வீணே திருப்பியனுப்பாதிருக்க எத்தனை வழி வேண்டும், அவற்றை எங்ஙனம் இணைத்தல் வேண்டும் என்பதே அவ்வினா. ஆதலின் அவர்தம் வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில், டார்ம் என்னும் ஊரையடுத்த லோன்போர்க் என்னும் சிற்றூரில் 1878 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாளன்று ஏர்லாங் பிறந்தார். தந்தையார் ஹான்ஸ் நீல்சன் ஏர்லாங், அவ்வூர்ப் பள்ளியின் ஆசிரியர். திருச்சபை எழுத்தர் பணியையும் உடன் பார்த்து வந்தவர். தாயார் மக்தலேனே கிராருப், குருமார் குடியில் வந்தவர். தாய்வழி முன்னோருள் தோமஸ் பிங்கே என்பார் ஒருவர். திரிகோண கணிதத்தில் நம் மாணவர் இன்றும் வழங்கும் டான்ஜென்ட், சீகன்ட் என்னும் பெயர்களை 1583 ஆம் ஆண்டிற் புகுத்தியவர் அவரே. முந்நூறாண்டு இடையிட்ட முன்னோர் அறிவு பேரர்க்கு வந்து சேர்ந்தது என்று கூற எமக்குத் துணிவில்லை. பள்ளிக்கூடமே வீடாய் அமைந்த குழந்தைப் பருவத்தைக் காரணமாகக் கூறுதல் பொருந்தும்.

அவர்க்கு இரண்டாண்டு மூத்த தமையனார் ஒருவரும் தங்கையர் இருவரும் இருந்தனர். மாலைப் பொழுதுகளில் தமையனார் மேசையின் ஒருபுறம் அமர்ந்து புத்தகம் படிக்க, தம்பி எதிர்ப்புறம் அமர்ந்து அதே புத்தகத்தைத் தலைகீழாகவே படித்து வருவாராம். வானநூலில் அவர்க்கு அடங்காத வேட்கை. விண்மீன்களைப் பற்றிச் செய்யுள் இயற்றுதலும் உண்டு. பதினான்காம் ஆண்டிற் கோப்பன்ஹேகன் சர்வகலாசாலையின் முதனிலைப் பரீட்சைக்குச் சென்றார். வயது போதாமையால் தனி அனுமதி பெற்றே எழுதவேண்டியிருந்தது, சிறப்புடன் தேறினார். பின்னர் ஊர் திரும்பி ஈராண்டு தந்தையார் பள்ளியிலேயே துணையாசிரியராய் இருந்து, பிரெஞ்சும் இலத்தீனும் கற்றார். 1896 ஆம் ஆண்டு உதவிச்சம்பளம் பெற்றுச் சர்வகலாசாலையிற் சேர்ந்தார். குடும்பத்திற் பொருள்வளம் இல்லாமையால் அவ்வுதவி இன்றியமையாததாயிற்று. கணிதத்தைத் தலைமைப் பாடமாகவும், வானநூல், பௌதிகம், இரசாயனம் ஆகியவற்றைத் துணைப் பாடங்களாகவும் கொண்டு 1901 ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார்.

அதன்பின் ஏழாண்டுகள் பள்ளிகளில் ஆசிரியத் தொழில். கற்பித்தலில் வல்லவரே, ஆயினும் உள்ளம் ஆராய்ச்சியையே நாடிற்று. பள்ளி வேலை போக எஞ்சிய பொழுதில், ஹைகன்ஸ் என்னும் பழைய கணிதரின் நுண்கணித முறைகளைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்து 1904 ஆம் ஆண்டிற் சர்வகலாசாலையின் பாராட்டைப் பெற்றார். டேனிஷ் கணிதர் சங்கத்தின் கூட்டங்களுக்குத் தவறாது செல்வார். அங்கேதான் அவர் வாழ்க்கையின் திருப்பம் நேர்ந்தது.

அச்சங்கத்தில் யென்சன் என்பார் ஒருவர் இருந்தார். உயர்கணிதம் பயில்வோர் 1906 ஆம் ஆண்டில் வெளிவந்த யென்சன் சமனிலியை அறிவர். அதை ஆக்கியவர் இவரே. சர்வகலாசாலைப் பேராசிரியர் அல்லர். கோப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியின் தலைமைப் பொறியாளர். பகலிற் கம்பி வேலை, இரவிற் கணிதம். அக்கம்பெனியின் நிருவாகத் தலைவர் யோஹன்சன் என்பாரும் எண்ணத்தில் நாட்டமுடையவர். அழைத்தவர் எத்தனை பொழுது காத்திருக்கின்றார், கம்பியெல்லாம் நிரம்பியிருத்தல் எத்துணை முறை நேர்கின்றது என்பவற்றை எண்ணிப் பார்க்கத் தொடங்கியவர் அவர். அவற்றுக்குத் தக்க கணிதக் கோட்பாடு தம்மிடம் இல்லை என்பதையும் உணர்ந்திருந்தார். யென்சன் ஏர்லாங்கை அவரிடம் அழைத்துச் சென்றார். 1908 ஆம் ஆண்டில் ஏர்லாங் பள்ளியை விட்டுக் கம்பெனியிற் புகுந்தார். விரைவில் அங்குள்ள ஆராய்ச்சிசாலைக்குத் தலைவரானார். தொழிற்சாலைக்கு முதலாளி ஒருவர் கணக்காசிரியரைத் தேடி அழைத்தது அந்நாளிற் புதுமையே.

தலைவர் என்றதும் பெரிய மாளிகையும் பணியாளர் கூட்டமும் கருதற்க. தொடக்கத்தில் ஆராய்ச்சிசாலைக்கு ஆட்கள் இலர். நிலத்தடிக் கம்பிகளை மின்கசிவு அரிப்பதாகக் கண்டு, அதை அளக்க ஏர்லாங் தாமே கோப்பன்ஹேகன் தெருக்களில் நடந்தார். ஏணி சுமந்த வேலையாள் ஒருவர் உடன் வருவார். தெருவிலுள்ள ஆட்புழைகளில் இருவரும் இறங்கி அளவு எடுப்பர். விண்மீன்களைப் பாடிய இளைஞர் நிலத்தடிக் குழியில் இறங்கி வேலை செய்தது எமக்கு மிக்க மகிழ்ச்சி தரும் செய்தி.

அக்காலத்துத் தொலைபேசி நிலையம் இன்னதென்று இன்றைய மாணவர் அறியார். அழைப்பவர் கருவியை எடுத்தவுடன் நிலையத்துப் பலகையில் அடையாளம் தோன்றும். பெரும்பாலும் மகளிரே அங்கு அமர்ந்திருப்பர். அவர் செவிசாய்த்து, யார் வேண்டும் என வினவி, கம்பியை உரிய துளையிற் செருகுவர். நம் சென்னையிலும் 1882 ஆம் ஆண்டளவில் இத்தகைய நிலையம் நடைபெறலாயிற்று. மனிதர் செவிக்கு மாறாகப் பொறியே இணைப்புச் செய்யும் நிலையம் இந்தியாவில் முதன்முதல் 1913-14 ஆம் ஆண்டிற் சிம்லாவில் அமைந்தது. மனிதராயினும் பொறியாயினும் இடர் ஒன்றே. கம்பிகளைக் குறைத்தால் அழைத்தவர் ஏமாந்து திரும்புவர். மிகுத்தால் கம்பெனி பொருளிழக்கும். எத்தனை போதும் என்பதை முன்னர்ப் பொறியாளர் தம் அனுபவத்தாற் குத்துமதிப்பாகவே கூறி வந்தனர்.

ஏர்லாங் சிற்றூர் நிலையமொன்றை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். 1909 ஆம் ஆண்டில் நிகழ்தகவுக் கொள்கையும் தொலைபேசி உரையாடல்களும் என்னும் பொருள்பற்றி அவர் முதற் கட்டுரை வெளிவந்தது. அழைப்போர் ஒருவரையொருவர் அறியார். கலந்து பேசி அழைப்பதில்லை. ஆதலின் ஒரு குறித்த பொழுதில் வரும் அழைப்புகளின் எண்ணிக்கை, பிரெஞ்சுக் கணிதர் புவாசோன் 1837 ஆம் ஆண்டிற் கூறிய விதியைப் பின்பற்றும் என்று நிறுவினார். ஒருவர் எப்பொழுது அழைப்பார் என்பது தெய்வத்திற்கே வெளிச்சம். ஆயிரவர் சேர்ந்தவழி அறியாமையே ஓர் ஒழுங்காய் வடிவெடுக்கின்றது.

அவர் பெயரை நிலைநிறுத்தியது 1917 ஆம் ஆண்டுக் கட்டுரை. அதன் கருத்தைச் சூத்திரமின்றியே விளக்கலாம். நிலையத்தில் மூன்று கம்பிகள் உள்ளன என்க. ஒன்றும் நிரம்பாத நிலை, ஒன்று நிரம்பிய நிலை, இரண்டு, மூன்று என நான்கு நிலைகளே உண்டு. நெடும்பொழுது நோக்குமிடத்து, ஒவ்வொரு நிலைக்குள்ளும் நிலையம் எத்தனை முறை புகுகின்றதோ அத்தனை முறை வெளியேறவும் வேண்டும். நீர் வரத்தும் போக்கும் ஒத்த ஏரியின் மட்டம் போல. இச்சமனிலையைச் சமன்பாடாக எழுதினால், மூன்றும் நிரம்பியிருக்கும் பொழுதின் பங்கு தானே கிடைக்கும். அப்பொழுது வந்தவர் திரும்ப வேண்டியவரே. திரும்பாது காத்திருக்க இசைவோர்க்கு வேறொரு சூத்திரமும் அதே கட்டுரையில் உண்டு. இந்தியாவில் நேரடியாகத் தொலைவூர்க்கு அழைக்கும் முறை 1960 ஆம் ஆண்டில் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே தொடங்கிற்று. அதற்கு முன்னும் பின்னுமாய்ப் பல்லாண்டு டிரங்க் கால் பதிந்து மணிக்கணக்கில் தபாலாபீசிற் காத்திருந்த நம் முன்னோர், அச்சூத்திரத்தைத் தம் உடம்பால் அறிந்தவர் எனலாம்.

எண்களால் ஒன்று காட்டுவோம். ஒரு மணி நேரத்தில் 40 அழைப்புகள், ஒவ்வொன்றும் சராசரி 3 நிமிடம் எனின் 120 நிமிடப் பேச்சாகும். அஃதாவது இரண்டு கம்பிகள் இடைவிடாது நிரம்பியிருத்தற்கு ஒப்பாகும். இதை இன்று 2 ஏர்லாங் என்பர். இதற்கு மூன்று கம்பிகள் தாராளம் என்று தோன்றும். சூத்திரமோ நூற்றுக்கு 21 அழைப்புகள் திரும்பும் என்கின்றது. இனி, கடத்தூர், பொம்மிடி, பாப்பிரெட்டிப்பட்டி என மூன்று ஊர்கட்குத் தனித்தனி இவ்வாறே மும்மூன்று கம்பிகள் இருப்பதாகக் கற்பனை செய்க. மூன்றிடத்தும் நூற்றுக்கு 21 பேர் ஏமாறுவர். ஒரு கம்பியும் கூட்டாமல், ஒன்பதையும் ஒரே வாயிலின்கீழ்ப் பொதுவாக்கிவிட்டால், ஏமாறுவோர் நூற்றுக்கு ஏழெட்டுப் பேராகக் குறைவர். ஓரூரிற் கம்பி வெறுமனே கிடக்க மற்றோரூரில் மக்கள் திரும்பிச் செல்லும் அவலம் அங்கே நீங்குதலே காரணம். ஏர்லாங்கின் சரிதத்தில் யாம் மிகவும் போற்றுவது இதனையே.

இவ்விடத்திற் கடத்தூரை மீண்டும் நினைத்தல் வேண்டும். தருமபுரி மாவட்டத்து அவ்வூர் வெற்றிலை வாரச்சந்தைக்குப் பேர்பெற்றது. சந்தை கூடும் பொழுதிற் சுற்றுப்புறத்துக் கொடிக்கால் உடையாரும் வெளியூர் வியாபாரிகளும் ஒருங்கே திரள்வர். யூபிஐ முறை 2016 ஆம் ஆண்டில் நம் நாட்டிற் புகுந்த பின்னர், சந்தைகளிலும் கைப்பேசி வழியே பணம் கைம்மாறும் வழக்கம் பரவிற்று. வெற்றிலையைக் கொடுத்தவர் பணம் வந்ததென்னும் ஒலிக்காகக் காத்து நிற்பார், வண்டி புறப்பட்டுவிடும், வாங்கியவர் முகம் நாளை காணற்கரிது. அக்கணத்தில் வேண்டுகோள் எங்கோ ஒரு பெருநகரத்து வங்கியின் தரவுத்தளத்தை நோக்கி விரைகின்றது. அத்தரவுத்தளம் ஒரே பொறியில் இருப்பின் அது பழுதுற்றால் எல்லாம் நின்றுவிடும். ஆகவே ஒரே தரவைப் பல சர்வர் பொறிகள் பகிர்ந்து தாங்குமாறு அமைப்பர். இவ்வமைப்புக்குக் கிளஸ்டர் என்று பெயர். புதிதாக இணைப்பு வேண்டி வரும் விண்ணப்பத்தை முதலிற் செவிமடுப்பதற்கென்றே ஒரு நிரல் அதன் வாயிலில் இருக்கும். அதன் பெயரும் செவிமடுப்பது என்னும் பொருள்படும் லிசனர் என்பதே. பலகைமுன் அமர்ந்த மங்கையரின் வழித்தோன்றல் அது.

ஆரக்கிள் தரவுத்தளத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முன்னாளில் ஒவ்வொரு பொறியின் முகவரியையும் வாடிக்கை நிரல்கள் தனித்தனியே எழுதிவைத்திருத்தல் வேண்டும். ஒரு பொறி கூடினாலும் குறைந்தாலும் எல்லாவிடத்தும் திருத்தம். 2009 ஆம் ஆண்டிற் போந்த பதினொன்றாம் பதிப்பின் இரண்டாம் வெளியீட்டில் ஸ்கான் என்னும் முறை வந்தது. கிளஸ்டர் முழுமைக்கும் ஒரே பெயர். அப்பெயர்க்கு மூன்று முகவரிகள். அம்முகவரிகளில் மூன்று பொது லிசனர்கள். வாயில் ஒன்றேயாயின் அதுவே பழுதுற்று அனைத்தும் அடைபடுமன்றோ, ஆதலின் மூன்று. பொறியொன்று வீழ்ந்தால் அதன்மேல் இருந்த பொது லிசனர் எஞ்சிய பொறியொன்றிற்குக் குடிபெயரும். இவையன்றி ஒவ்வொரு பொறியிலும் உள்ளூர் லிசனர் ஒன்று உண்டு. பொது லிசனர் வந்தவரைக் கேட்டு, எப்பொறியிற் சுமை குறைவோ அப்பொறியின் உள்ளூர் லிசனரிடம் அனுப்பிவைக்கும்.

சுமை குறைவு என்பதை அஃது எங்ஙனம் அறியும்? தானே அறியாது. ஒவ்வொரு பொறியின் தரவுத்தள நிரலும் தன் பெயரையும் தன் சுமையையும் பொது லிசனரிடம் சென்று அவ்வப்போது பதிந்துகொள்ளும். எங்குச் சென்று பதிய வேண்டும் என்பதைச் சொல்லுவது ரிமோட் லிசனர் என்னும் அமைப்பு. தன் இல்லத்து வாயில் எது என்பதைச் சொல்லுவது லோக்கல் லிசனர் என்னும் அமைப்பு. முன்னது ஒரு பொறியில் விடுபட்டதாயின், அப்பொறி நலமாக ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் பொது வாயிலுக்கு அப்படியொரு பொறி உண்டென்பதே தெரியாது. மேற்காட்டிய கணக்கையே ஒப்புமையாகக் கொண்டால், ஒன்பது வழிகளில் மூன்று மறைந்து ஆறே எஞ்சும். திரும்புவோர் நூற்றுக்கு ஏழெட்டு என்பது இருபத்தாறுக்கு மேல் ஏறிவிடும். பொறி எதுவும் பழுதில்லை, மின்சாரம் உண்டு, விளக்கெல்லாம் பச்சையாய் எரியும். எழுதாது விட்ட ஒரு வரியால், சந்தையில் நிற்பவர்க்குப் பணம் போகவில்லை. இத்தகைய குறையைக் கண்டறிதல் பொறி வீழ்ந்ததைக் கண்டறிதலினும் கடிது என்று அத்தொழிலார் கூறக் கேட்டிருக்கின்றோம். பெரும் பொருள் கொடுத்து மேலும் பொறி வாங்குமுன், இருப்பவை யாவும் வாயிலிற் பதிவாகியுள்ளனவா என்று பார்த்தலே முறை.

ஏர்லாங்கின் கணக்கை யாண்டும் கண்மூடி வழங்குதலும் ஆகாது. அழைப்போர் ஒருவரையொருவர் சாராது வருவர் என்பது அவர் கொண்ட அடிப்படை. பொறியொன்று திடீரென வீழின் அதனோடு இணைந்திருந்த ஆயிரக்கணக்கானோர் ஒரே விநாடியில் எஞ்சிய பொறிகளை நோக்கி ஓடிவருவர். திரும்பியவர் சும்மா இராது மீண்டும் மீண்டும் தட்டுவர். அங்கே புவாசோன் விதி இல்லை. திருவிழாக் கூட்டத்து நெரிசலே உண்டு. அதன்பொருட்டு லிசனர் முன்னர்க் காத்திருக்கும் வரிசையின் நீளத்தையும், விநாடி ஒன்றுக்கு ஏற்கும் புதிய இணைப்புகளின் அளவையும் வரையறுக்க இடம் வைத்துள்ளனர். வரிசை குறுகியதாயின் வந்தவர் உடனே தள்ளப்படுவர். மிக நீண்டதாயின், காத்திருந்து சலித்து அகன்றவரின் விண்ணப்பத்தையும் பொறி எடுத்து வீணே உழைக்கும். நடுவளவு காண்பதற்குக் காத்திருப்போரைப் பற்றிய அவருடைய இரண்டாம் சூத்திரம் வழிகாட்டுமேயன்றி முடிவு கூறாது.

மற்றொரு பக்கம், அவர் சூத்திரம் அவரே காட்டியதினும் வலியது என்பது பின்னர்ப் புலனாயிற்று. அழைப்புகள் நீண்டனவாயினும் குறுகினவாயினும், ஒழுங்காயினும் ஒழுங்கற்றனவாயினும், சராசரி ஒன்றே கணக்கிற்கு வேண்டுவது என்பதை 1957 ஆம் ஆண்டில் ரஷ்யக் கணிதர் செவஸ்தியானொவ் பொதுவகையில் நிறுவினார்.

ஏர்லாங் சுருங்க எழுதுபவர். நிறுவல்களை இடையிடையே விட்டுச் செல்வார். தமக்குத் தெளிவானது பிறர்க்கும் தெளிவாம் என எண்ணினார் போலும். அதனாற் பிறர் பட்ட பாடு பெரிது. ஆயினும் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த அறிஞர் ஒருவர், ஏர்லாங்கின் கட்டுரைகளை மூலத்திலேயே படிக்கவேண்டி டேனிஷ் மொழியைக் கற்றார் என்பர். பிரிட்டிஷ் தபால் துறையார் அவர் சூத்திரத்தை ஏற்றுத் தம் நிலையங்களை அதன்படி வகுத்தனர்.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. வருவாயின் பெரும்பகுதி நூல்களுக்கே சென்றது. கணிதம், வானநூல், பௌதிகம் ஆகியவற்றில் அவர் சேர்த்த நூல்நிலையம் பெரியது. எஞ்சியதில் ஒரு பங்கு வறியோர்க்கு. உதவி வேண்டுவோர் ஆராய்ச்சிசாலைக்கே அவரைத் தேடி வருவர். பிறர் காணாதபடி கொடுத்தனுப்புவார். கம்பெனியில் ஏறத்தாழ இருபதாண்டுகள் பணியாற்றினார். அந்நாளெல்லாம் நோயென்று ஒருநாளும் விடுப்பு எடுத்திலர். 1929 ஆம் ஆண்டு ஜனவரியில் வயிற்றில் அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனை சென்றார். சில நாட்களில், பிப்ரவரி 3 ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை உயிர் நீத்தார். வயது 51.

1946 ஆம் ஆண்டிற் சர்வதேசத் தொலைபேசி ஆலோசனைக் குழுவினர் பேச்சுச் சுமையின் அளவைக்கு ஏர்லாங் என்று பெயரிட்டனர். இரண்டாண்டுகட்குப் பின், 1948 இல், அவர் வாழ்க்கையும் கட்டுரைகளும் ஒரு நூலாகத் தொகுக்கப்பெற்றுக் கோப்பன்ஹேகனில் வெளிவந்தன. சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தார் தொலைபேசி நிலையங்களுக்கென 1980களின் பிற்பகுதியில் ஆக்கிய கணினி மொழிக்கும் அவர் பெயரையே இட்டனர். 2009 ஆம் ஆண்டில் தொடங்கிய வாட்ஸப் சேவையின் சர்வர்கள் அம்மொழியைக் கொண்டே எழுந்தன.